முள்ளுக்கு அசராத கால்

இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தாரின் தோத்திரம். எங்கள் அண்ணாச்சி கர்த்தருக்குள் நித்திரையடைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றிச் சொல்லும் பொறுப்பைத் தம்பியாகிய என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். எனக்குக் கையெழுத்து என்றால் கட்டைவிரல்தான். ஆகையால் நான் சொல்லச் சொல்ல எங்கள் சபை உபதேசியார் எழுதுகிறார். பிழை இருந்தால் அது அவருடையது. அசட்டுத்தனம் இருந்தால் என்னுடையது.

எனக்கு இன்னும் திகைப்புத் தீரவில்லை. அண்ணாச்சி போனது பாதித் திகைப்பு. நான் இருப்பது மீதி. எங்கள் வீட்டில் முதலில் போக வேண்டியவன் நான்தான் என்று ஊரே முடிவு செய்து வைத்திருந்தது. கம்புக்கு வேட்டி கட்டிவிட்டது போல இருப்பேன். காற்றடித்தால் அண்ணாச்சியின் மனைவியான மதினி துணியை எடுத்துவிட்டு அடுத்ததாக என்னைத்தான் தேடுவார்.

அண்ணாச்சி பிறந்தது உவரிக்கு வடக்கே தேரி மணல் ஓரத்தில் ஒரு சிற்றூர். அப்பா பனையேறினவர். குடிக்க நல்ல தண்ணீர் இல்லாத ஒரு கோடையில் பேதி வந்து, காலையில் பனையேறினவரைச் சாயங்காலம் அடக்கம் செய்தோம். அம்மாவையும் என்னையும் அதன்பின் சுமந்தவர் அண்ணாச்சி. சுமந்தார் என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. உவரிக் கரையில் கருவாடு வாங்கி, தலையில் வைத்து, மணலில் நடந்து, ஆற்றங்கரை ஊர்ச் சந்தைகளில் விற்பார். நான் களைத்து உட்கார்ந்தால் என் கூடையும் அவர் தலைக்கு ஏறும். விடிந்தால் கஞ்சி, பொழுது அடைந்தால் கேப்பைக் களி. காலில் செருப்புக் கிடையாது. உடைமரத்து முள் தைத்தால் நின்றபடியே பிடுங்கி எறிந்துவிட்டு நடப்பார். மறுநாள் தேடினாலும் தழும்பு அகப்படாது.

மதினியைக் கட்டிய பிறகு பாளையங்கோட்டையில் கருப்பட்டியும் கருவாடும் விற்கும் கடை போட்டார். ஒரு மகனும் பிறந்தான். எடையில் ஏமாற்றமாட்டார் என்று பெயர் வந்தது. காய்ச்சல் பரவிய ஆண்டில் கடை வாசலில் கஞ்சிப்பானை வைத்தார். யார் வீட்டுக் கலியாணத்துக்கும் போகாமல் இருந்ததில்லை. யார் மனமும் நோகப் பேசினதில்லை.

கடை உயர உயர அண்ணாச்சி உட்கார்ந்தார். கூடை போய் மாட்டுவண்டி வந்தது. களி போய் மூன்று வேளையும் நெல்லுச்சோறு வந்தது. உடம்பு பூசி, வயிறு முன்னால் நடந்தது. எங்களுக்கெல்லாம் பெருமை. வண்டி போகாத மணலில் நடந்து சரக்கு எடுக்கும் வேலை மட்டும் என்னிடமே இருந்தது.

கடைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள்: "அண்ணாச்சிக்கு மேனி நல்லா வச்சிருக்கு. ஏலே, ஒனக்கு வீட்டுல சோறு போடுதாகளா இல்லியா?"

"போடுதாக வே. என் வயித்துக்கும் ஒடம்புக்கும்தான் பேச்சுவார்த்தை கெடையாது" என்பேன்.

பிறகு அண்ணாச்சிக்குத் தாகம் வந்தது. செம்பு செம்பாகத் தண்ணீர் குடிப்பார். அடிக்கடி கொல்லைப் பக்கம் போவார். போன இடத்தில் எறும்பு மொய்த்தது. வேறு எந்த வீடாக இருந்தாலும் யாராவது திடுக்கிட்டிருப்பார்கள். கருப்பட்டி மூட்டை அடுக்கின இடத்தில் எறும்பை யார் விசாரிப்பார்? சாம்பலைத் தூவிவிட்டு வேலையைப் பார்த்தோம். "கருப்பட்டிய தொட்டுத் தொட்டு எனக்கு ஒடம்பே இனிச்சுப் போச்சு போல லே" என்று அண்ணாச்சியே சொல்லிச் சிரித்தார்.

பார்வை மங்கத் தொடங்கியதும் ஆழ்வார்திருநகரி வைத்தியரிடம் வண்டி கட்டினோம். மதினியும் கூட வந்தார். வைத்தியர் வெகுநேரம் நாடி பார்த்தார்.

"ஒண்ணுக்குப் போன எடத்துல எறும்பு மொய்க்குதா வே?"

அண்ணாச்சி வாய் திறக்குமுன் நான் முந்தினேன். "வைத்தியரையா, எங்க கடையில எறும்பு மொய்க்காத பொருள் நான் ஒருத்தன்தான்."

அண்ணாச்சி வயிறு குலுங்கச் சிரித்தார். வைத்தியர் சிரிக்கவில்லை. "கடைய விடும். வீட்டுல?"

மதினி தலையைக் குனிந்தபடி சொன்னார்: "வீட்டுலயும் மொய்க்கி. வேப்பமரத்தடியில. அங்கன கருப்பட்டி போவாது."

வைத்தியர் அண்ணாச்சியின் கையை விட்டார்.

"இது நீரிழிவு" என்றார் வைத்தியர். "உக்காந்து திங்குதவன தேடி வருத சீக்கு. நெல்லுச்சோத்தக் கொறையும். கேப்பை, கம்பு தின்னும். தெனமும் நடவும். கால்ல காயம் படாம பாத்துக்கிடும்."

எந்தத் தரித்திரம் தீர வேண்டும் என்று முழங்காலில் நின்று ஜெபித்தோமோ, அதையே அவர் மருந்தாகச் சொன்னார்.

திரும்பும் வழியில் அண்ணாச்சி சொன்னார்: "ஏலே, நான் களி திங்கேன்னு தெரிஞ்சா கடை நொடிச்சுட்டும்பானுக. நடந்து போனா வண்டிய வித்துட்டான்னுல்லா பேசுவானுக."

"பேசிட்டுப் போறானுக அண்ணாச்சி. என்னைய பொறந்ததுலருந்து பேசுதானுக."

"ஒனக்குப் பழகிட்டு லே. எனக்குப் பழகல."

வீட்டில் மதினி காவல் இருந்தார். அங்கே அவருக்குக் களிதான். ஆனால் கலியாணம் உண்டு, கிறிஸ்துமஸ் உண்டு, கோவில் அசன விருந்து உண்டு. போதும் என்று அண்ணாச்சி கையால் இலையை மறைப்பார். "எங்க வீட்டுச் சோறு எறங்கலியோ?" என்று கேட்டு, அந்தக் கையை அன்பாக நகர்த்திவிட்டு இன்னொரு கரண்டி வைப்பார்கள். மனம் நோகப் பேசத் தெரியாத மனிதர் அதையும் சாப்பிட்டு எழுந்திருப்பார்.

சீமையில் சண்டை மூண்ட சமயம், அவருடைய புதுச் செருப்பில் ஓர் ஆணி கிளம்பியிருந்தது. நாள் முழுவதும் அது காலில் குத்தியும் அவருக்குத் தெரியவில்லை. தரையில் இரத்தத்தைப் பார்த்து மதினிதான் கண்டுபிடித்தார். உடைமுள்ளுக்கு அசராத கால் ஓர் ஆணிக்குக் கறுத்துப்போனது. மிஷன் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்றார்கள். "நடந்து பொழைச்ச காலு லே" என்று மறுத்தார். மதினி அழுது சம்மதிக்க வைத்தபோது விஷம் மேலே ஏறிவிட்டது. அண்ணாச்சிக்கு ஐம்பது வயது நிறையவில்லை.

ஒரு காலத்தில் எனக்கு விஷக்காய்ச்சல் கண்டபோது, நான் தேறமாட்டேன் என்று அழுதுகொண்டே சவப்பெட்டிக்கு மாம்பலகை வாங்கிப் போட்டவர் அண்ணாச்சி. அந்தப் பலகையில்தான் அவருக்குப் பெட்டி செய்தோம். எனக்கு எடுத்த அளவு போதாமல் ஆசாரி பக்கத்துக்கு ஒரு துண்டு சேர்த்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒரு தாய் வயிற்றில் பிறந்து ஒரே பானைக் கஞ்சி குடித்தவர்கள் நாங்கள். அப்பாவைக் கொன்றது எங்கள் இல்லாமை. அண்ணாச்சியைக் கொன்றது என்னவென்று சொல்ல நாக்குக் கூசுகிறது. இப்போது எங்கள் தெருவைப் பார்க்கிறேன். சுமை தூக்குகிறவர்கள் பேதியிலும் காய்ச்சலிலும் போகிறார்கள். மெத்தையில் சாய்ந்து வியாபாரம் செய்கிறவர்கள் தாகத்திலும் ஆறாத புண்ணிலும் போகிறார்கள். இரண்டு பக்கமும் கர்த்தருடைய சித்தம் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போக என்னால் முடியவில்லை.

இராப்பகலாகப் பார்த்துக்கொண்ட ஆஸ்பத்திரி டாக்டருக்கும் தாதிமாருக்கும், உண்மையை மறைக்காமல் சொன்ன வைத்தியருக்கும், கூலி வாங்க மறுத்த ஆசாரிக்கும், கடையைத் தாங்கிய அயலாருக்கும் எங்கள் நன்றி.

இந்த மலர் அச்சுக்குப் போகுமுன் மதினி சமையற்காரரைக் கூப்பிட்டு, "நெனவு நாள் பந்தியில இலைய மறைச்சவுகளுக்கு மேல வைக்கப்பிடாது" என்றார்.

"ஊரு ஏசுமே, அம்மா. அண்ணாச்சி நெனவுச் சாப்பாட்டுல கை இறுகிட்டாகன்னு சொல்லுவாகளே."

"ஏசட்டும். எம்புள்ள போதும்னு சொல்லிப் பழகட்டும். அவுக அப்பா பழகாமலே போயிட்டாக."

ஆகவே வந்திருக்கும் பெரியோர்களே, சோறு நிறைய இருக்கிறது, வேண்டியதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். அண்ணாச்சியின் மகன் உங்களோடுதான் பந்தியில் உட்காருவான். அப்பாவின் கடையில் அப்பாவின் இடத்தில் உட்கார்ந்து, அப்பாவின் உடம்பு இப்போதே அவனுக்கு வந்துகொண்டிருக்கிறது. அவன் இலையை மறைத்தால், தயவுசெய்து அந்தக் கையை யாரும் நகர்த்தாதீர்கள்.