பொந்துக்கல் சுவர்

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தபோது நான் கண்டியில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஆணி, திருகாணி, போல்ட் எல்லாம் என் கவுண்டரில்தான். எந்தச் சுவருக்கு எது பிடிக்கும் என்று வருகிறவர்களுக்குச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை கட்டிப்போன வருடங்கள் அவை.

நாங்கள் இருந்தது மாமனார் கட்டிய வீட்டின் ஒரு பாதியில். மறுபாதியில் கணவரின் அண்ணன். ஹால் மட்டும் இரண்டு பேருக்கும் பொது. மாமனார் செத்துக் கொஞ்ச காலம் கழித்து, என் தம்பி கல்யாணத்துக்காக நாங்கள் நாவலப்பிட்டிக்குப் போயிருந்தோம். திரும்பி வந்து கதவைத் திறந்தால் ஹாலின் நடுவில் ஒரு சுவர் நின்றது. அண்ணன் எங்களைக் கேட்கவில்லை, ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. உள்ளே பொந்தாக இருக்கிற மெல்லிய சீமெந்துக் கல்லில் எழுப்பி, எங்கள் பக்கம் பூச்சுகூடச் சரியாகப் பூசாமல் விட்டிருந்தார்கள். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த மிஸ், கணவர் தினமும் கம்பியைப் பிடித்து எழுந்து நிற்க வேண்டும், கப்பியில் கயிறு போட்டுக் கையை இழுக்க வேண்டும், வீட்டில் விடாமல் செய்தால்தான் கை திரும்பும் என்றார். கட்டுகஸ்தோட்டைப் பக்கம் மூடப்போகிற ஒரு ஜிம்மிலிருந்து அதற்கான இரும்புச் சட்டம் ஒன்றை வாங்கினேன். மேலே குறுக்குக் கம்பி, பக்கத்தில் கப்பிகள், கீழே எடைத் தட்டுகள். இரண்டு ஆள் முக்கித் தூக்க வேண்டிய இரும்பு. நின்று கையை வீசி இழுக்க எங்கள் ஹாலில் இருந்த ஒரே இடம் அந்த நடுச்சுவர் ஓரம்தான். மற்றச் சுவர்களில் ஜன்னலும் கதவும் அலுமாரியும்.

“இதுல அப்படியே மாட்டிப் பூட்ட முடியாதுங்க. கல்லுக்குள்ள வெறும் பொந்து. வெளித்தோல் ஒரு விரல் கனம்கூட வராது. படம் மாட்டலாம், ஆள் தொங்க முடியாது. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுங்க, ஒரு வழி பார்க்கிறேன்” என்று கணவரிடம் சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன்.

அவர் பொறுக்கவில்லை. ரோட்டில் போன ஒரு ஃபேன் பூட்டுகிற ஆளைக் கூப்பிட்டு, பிளாஸ்டிக் பிளக் அடித்து, திருகாணியில் மாட்டச் சொல்லியிருக்கிறார். ஆள் போனதும் இடது கையால் கம்பியைப் பிடித்து எழப் பார்த்திருக்கிறார். கல்லின் முகம் அப்படியே பெயர்ந்து வந்துவிட்டது.

சாயந்தரம் நான் வந்தபோது அவர் தரையில் கிடந்தார். புருவம் கிழிந்து இரத்தம் காய்ந்திருந்தது. கால்மேல் இரும்புச் சட்டம்.

“எப்ப விழுந்தீங்க?”

“மத்தியானம். அண்ணேன்னு கூப்பிட்டேன். ரெண்டு மூணு தரம் கூப்பிட்டேன்.”

சுவருக்கு அப்பால் அண்ணன் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவு இரும்பு விழுந்த சத்தம் அங்கே கேட்காமல் இருந்திருக்காது.

அந்தச் சுவரில் கனமான சாமான் நிற்க வேண்டுமென்றால், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நீளமான போல்ட்டை ஊடுருவ விட்டு, அங்கே ஓர் இரும்புத் தகடு வைத்து முடுக்க வேண்டும். அப்போது பாரம் ஒரு கல்லில் விழாமல் பரவும். கடையில் எத்தனையோ பேருக்கு நான் சொன்னதுதான். ஆனால் எங்களுக்கு அந்தப் பக்கம் என்பது அண்ணன் வீட்டு ஹால். ஒரு வாரம் யோசித்தேன். பிறகு தலையைச் சீவி, சேலையை மாற்றிக்கொண்டு, சுற்றிப் போய் அவர் வாசலில் நின்றேன்.

அவர் உள்ளே வா என்று சொல்லவில்லை. நான் வாசற்படியில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னேன். “நாலு போல்ட்தான் பெரியத்தான். தகட்டுக்கு மேல பெயின்ட் அடிச்சுக் கொடுத்துடுறேன். வெளியே தெரியாது.”

“என் சுவத்துல ஓட்டை போடணும், அப்படித்தானே?”

“அவர் எந்திரிச்சு நிக்கணும் பெரியத்தான். வேற ஒண்ணுக்கும் இல்ல.”

“கை கால் விழுந்தவனுக்கு எதுக்கு ஜிம்மு? ஒரு மூலையில படுத்துக் கெடக்கச் சொல்லு” என்றார். நான் திரும்புவதற்குள் இன்னொன்றையும் சொன்னார். “கடையில ஆணி விக்கிற பொம்பள எனக்குச் சுவத்தப் பத்திப் பாடம் எடுக்க வந்துட்டா.”

அவர் மனைவி பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சிரிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்து அதை ஒரு சொல் விடாமல் கணவரிடம் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணோரம் நனைந்தது. அவர் எனக்காக அழுதார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

சுவரை நம்பாமல் செய்ய ஒரு வழி இருந்தது. ஹாலின் குறுக்கே மாமனார் காலத்துக் கொங்கிரீட் பீம் ஓடியது. அதற்கு நேர்கீழேதான் அண்ணன் சுவரை வைத்திருந்தார். பீம் அகலம், சுவர் ஒல்லி. அதனால் பீம் எங்கள் பக்கம் நாலு விரல் நீட்டிக்கொண்டிருந்தது. வெல்டிங் கடையில் தரைக்கும் பீமுக்கும் அளவெடுத்து, மேலும் கீழும் தகடு வைத்த இரண்டு இரும்புத் தூண்கள் செய்யச் சொன்னேன். பௌர்ணமி போயா நாளில் கடை பூட்டு. முதலாளியிடம் டிரில் மெஷினை இரவல் கேட்டு வாங்கி வந்து, கதிரையில் ஏறி நின்று நானே துளைத்தேன். கொங்கிரீட்டுக்குள் போய் விரிந்து பிடிக்கிற போல்ட்கள், மேலே நாலு, கீழே நாலு. தூசி கண்ணில் கொட்டியது, தோள் செத்துப்போனது. அந்தப் பக்கத்திலிருந்து சுவரில் தடியால் இடித்தார்கள். நான் நிறுத்தவில்லை. தூண்கள் நின்றதும், எடைத் தட்டுகளைக் கழற்றிவிட்டுச் சட்டத்தை நிமிர்த்தி அவற்றோடு சேர்த்து முடுக்கினேன். சுவரில் ஓர் ஆணி இல்லை.

முதலில் நான்தான் கம்பியைப் பிடித்துத் தொங்கினேன். காலைத் தூக்கி, உடம்பை உலுக்கிப் பார்த்தேன். ஒரு அசைவு இல்லை. “இப்ப வாங்க” என்றேன்.

காலையில் வேலைக்குப் போகுமுன், சாயந்தரம் வந்தபின், தினமும் அவர் கையைக் கயிற்றில் கட்டி இழுக்க வைத்தேன். திட்டினார், அழுதார், ஒரு நாள் என்மேல் தண்ணீர்க் கோப்பையை எறிந்தார். நாள் போகப் போக விரல் மடங்கியது. பிறகு நின்றார். ஒரு மழைக்காலம் முடியும்போது கைத்தடியோடு வாசல்வரை நடந்தார்.

அதன்பின் ஒரு நாள் நான் வேலை விட்டு வந்தால் வீட்டில் அவர் இல்லை. வெளியே ஓடினேன். அண்ணன் வீட்டு வாசலில் அவருடைய செருப்பு கிடந்தது. உள்ளே கதிரையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

“பார்த்தியா, எங்க ரத்தம்! அதான் எந்திரிச்சுட்டான்” என்றார் அண்ணன் என்னைப் பார்த்து. என் கணவர் சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். “அவர் என்னைப் பேசினதெல்லாம் மறந்துபோச்சா? நீங்க விழுந்து கெடந்தப்ப வந்து எட்டிப் பார்க்காதது?”

“எவ்வளவு நாளைக்கு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கிறது? அண்ணன்தானே. கோவத்துல ஏதோ பேசிட்டாரு. நீ மனசுல வச்சுக்காத.”

கொஞ்ச நாளில் அண்ணனுக்குத் தோள் பிடித்துக்கொண்டது, கை மேலே தூக்க முடியவில்லை. கணவர்தான் கூப்பிட்டார். இப்போது அண்ணன் சாயந்தரம் சாயந்தரம் வந்து எங்கள் ஹாலில் கப்பியை இழுக்கிறார். முதல் நாள் தூண்களை ஆட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி நல்லாத்தான் பூட்டியிருக்கான்” என்றார்.

“நான் பூட்டினது” என்றேன்.

இரண்டு பேரும் நான் பகிடி விட்டதுபோலச் சிரித்தார்கள். கணவர் என்னைத் தேத்தண்ணி போடச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன்.

இப்போதெல்லாம் கடை மூடிய பிறகும் நான் உடனே கிளம்புவதில்லை. குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ்ஸை விட்டு அடுத்த பஸ்ஸில் ஏறுகிறேன். நான் போய்ச் சேரும்போது அண்ணன் கப்பியை இழுத்து முடித்துப் போயிருப்பார். ஏன் லேட் என்று கணவர் கேட்டால் பஸ்ஸில் சனம் என்கிறேன். அவரும் அதற்குமேல் கேட்பதில்லை.