கசார்வாடியிலிருந்து வந்த ஏழு கடிதங்கள்

கல்யாணசுந்தரத்துக்குக் கல்யாணம் பெயரோடு நின்றுவிட்டது. வயது நாற்பத்து நான்கு. கோயம்புத்தூர்க்காரன். மகர்பட்டாவில் ஒரு கம்பெனிக்கு மென்பொருள் எழுதுகிறவன். புனேவுக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. குடியிருக்கும் கட்டடத்தில் அவனை ஃபிளாட் எண்ணைச் சொல்லித்தான் குறிப்பிடுவார்கள், பெயர் யாருக்கும் தெரியாது.

அவனுக்கென்று இருந்தது ஒரு வலைத்தளம் மட்டும்தான். அதன் ஒவ்வொரு வரியையும் அவனே எழுதியிருந்தான். விளம்பரம் கிடையாது. வருகிறவர்களை எண்ணும் கருவியும் கிடையாது. வீட்டுக்கு வருகிறவர்களின் தலையை எண்ணுவது மரியாதையா என்று கேட்பான், கேட்க ஆள் கிடைத்தால். ஞாயிறுதோறும் லோனாவாலா போகும் லோக்கலில் ஏறுவான். ஏதாவது ஒரு ஸ்டேஷனில் இறங்கி, கால் போன போக்கில் நடந்து, கண்ணில் பட்டதை அன்றே எழுதிப் போடுவான். பழைய லேத் பட்டறைகள், வெல்டிங் புகை, பெயர்ப்பலகையில்லாத டீக்கடைகள், இப்படி. பாவம், மனிதர்களோடு பேசத்தான் வராது, எழுத நன்றாக வரும்.

ஒவ்வொரு பதிவின் அடியிலும் வாசகர் எழுத ஒரு பெட்டி வைத்திருந்தான். தமிழில் எழுத ஆரம்பித்து ஒன்பது வருடம் ஆகியும் அதில் ஒரு சொல் வரவில்லை. பெட்டி கெட்டுவிட்டதோ என்று அவ்வப்போது சந்தேகம் வரும். 'டெஸ்ட்' என்று ஆங்கிலத்தில் தட்டிப் பார்ப்பான். ஒழுங்காக வந்து சேரும். ஆக, பெட்டி சரியாகத்தான் இருக்கிறது, படிக்கத்தான் ஆளில்லை என்று முடிவுக்கு வந்தான். அந்த முடிவு அவனைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்தது. சுவரோடு பேசுகிறவனுக்குக்கூடச் சுவராவது எதிரில் இருக்கிறதே என்று தோன்றியது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், தளத்தையே மூடிவிடலாம் என்று உட்கார்ந்தான். மூடும் முன் எல்லாவற்றையும் பிரதி எடுக்கும்போது 'தள்ளியவை' என்று ஒரு கோப்பு கண்ணில் பட்டது. அதை உண்டாக்கியதே மறந்துபோயிருந்தது. ஆங்கிலத்தில் எழுதிய காலத்தில், புரியாத மொழிகளில் மருந்து விளம்பரமும் லாட்டரியும் வந்து குவிந்தன. தொல்லை தாங்காமல் தளத்துக்கு நாலு வரிக் கட்டளை எழுதினான்: ஆங்கில எழுத்தில் இல்லாத எது வந்தாலும் தள்ளிவிடு. பிறகு தமிழுக்கு மாறினான். அந்த நாலு வரியை மாற்றவில்லை.

ஆயிரக்கணக்கான குப்பைகளுக்கு நடுவே ஏழு தமிழ்க் கடிதங்கள் கிடந்தன. ஏழும் ஒருவரே எழுதியவை. ஜோசபின், கசார்வாடி.

முதல் கடிதம் ஏழு வருடம் பழையது. 'தம்பி, நீங்கள் எழுதுவதை என் வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டுகிறேன். அவர் இங்கேயே பிறந்து மராத்திப் பள்ளியில் படித்தவர். தமிழ் பேசுவார், வாசிக்கத் தெரியாது. வெல்டிங் புகையைப் பற்றி எழுதியதற்கு விழுந்து விழுந்து சிரித்தார்.' மூன்றாவதில் விலாசம் இருந்தது. 'அடுத்த ஞாயிறு கசார்வாடியில் இறங்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வாருங்கள். மீன் சாப்பிடுவீர்களா?'

அந்த ஞாயிறு அவன் கசார்வாடியில் நின்றபடி வடாபாவ் தின்றான். சாப்பிட்டாயா என்று கேட்க இந்த ஊரில் எனக்கு ஒருவரும் இல்லை என்று அன்று மாலையே எழுதியும் போட்டான். நான்காவது கடிதம் அதற்கு வந்தது. ஒரே வரி. 'நாங்கள் கேட்டோமே, தம்பி.'

சுந்தரம் எழுந்து ஜன்னலருகே போனான். திரும்பி வந்து மிச்சத்தைப் படித்தான். கடைசிக் கடிதம் நாலு வருடத்துக்கு முந்தையது. 'எனக்கு உடம்பு சரியில்லை. டாக்டர் நாள் குறித்துவிட்டார். நான் போனபின் இவருக்கு உங்கள் எழுத்தை யார் படித்துச் சொல்வார்கள் என்றுதான் கவலை. ஒரு ஞாயிறாவது வந்து நீங்களே படித்துக் காட்டுவீர்களா?'

மறுநாள் காலை, கடிதங்களையும் தன் பதிவுகளையும் அச்செடுத்துக்கொண்டு லோக்கல் ஏறினான். போனவரை மீட்க முடியாது, கேட்டதையாவது செய்துவிடலாம் என்று மனம் அடித்துக்கொண்டது.

கதவைத் திறந்தவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஜோசபினின் கணவர் சேவியர். போசரியில் ஒரு தொழிற்சாலையில் செய்த சாமான்களைச் சோதிக்கும் இன்ஸ்பெக்ஷனில் இருந்து ஓய்வு பெற்றவர். சுந்தரம் பெயரைச் சொன்னதும் முகம் இறுகியது.

"அரே, நீங்களா? இப்பதான் வழி தெரிஞ்சுதா?"

சுந்தரம் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னான். "கடுதாசி எதுவுமே என் கண்ணுக்கு வரலீங்க. நானே எழுதுன நாலு வரி, எல்லாத்தையும் தள்ளிருச்சுங்க."

"எழுதி அனுப்பினா 'நன்றி, கிடைத்தது'ன்னு வருமே. அவ எனக்குப் படிச்சுக் காட்டினாளே."

"அதையும் நான்தானுங்க எழுதி வெச்சேன். எது வந்தாலும் அப்படித்தான் சொல்லும்."

சேவியர் கதவைப் பிடித்திருந்த கையை எடுத்தார். "எங்க கம்பெனில ரிஜெக்ட் ஆன பீஸைத் தூக்கிப் போடுற பெட்டியை ஷிஃப்டுக்கு ஒருதரம் கொட்டிப் பார்ப்போம் தம்பி. நல்ல பீஸும் அதுல விழும். நீங்க ஒருதரம்கூடப் பார்க்கலையா?"

சுந்தரம் இல்லையென்று தலையசைத்தான். அவர் உள்ளே வரச் சொல்லி நாற்காலியைக் காட்டினார்.

"அவ உங்களைக் கூப்பிட்டது தெரியும், என்ன எழுதினான்னு எனக்குத் தெரியாது. படிங்க."

ஏழையும் படித்தான். மீனைப் பற்றிக் கேட்ட இடத்தில் சேவியர் லேசாகச் சிரித்தார். ஏழாவதைச் சுந்தரம் மெதுவாகப் படித்தான். முடித்துவிட்டு, தன் பதிவுகளின் கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"நாலு வருஷமா எழுதுனது இதுல இருக்குங்க. இனி ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து படிக்கறேனுங்க. அவங்க கேட்டாங்கல்ல."

சேவியர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தார். கோபம் போய்விட்டிருந்தது.

"வேணாம் தம்பி. நீங்க எழுதினது அத்தனையும் எனக்கு அவ குரல்லதான் ஞாபகம் இருக்கு. நீங்க படிச்சா அதுவும் போயிடும்."