நல்ல டயரில் எடுத்த அளவு

விமானக் கொட்டகையில் அவரை டேப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். வயதில் இளையவர்கள் மட்டும் கூடவே ஒரு 'அண்ணே' சேர்த்துக்கொள்வார்கள். இடுப்பில் எந்நேரமும் அளவு டேப் தொங்கும். துக்க வீட்டுக்குப் போனாலும் தொங்கும். ஒருமுறை அப்படிப் போன இடத்தில், வாசல் வழியாகக் கட்டில் வெளியே வருமா என்று ஒருவர் கவலைப்பட, இவர் கை தானாக இடுப்புக்குப் போய்விட்டது. மனைவி கையைத் தட்டிவிட்டாள்.

பழுது பார்க்க வரும் விமானத்தைத் தூக்கி நிறுத்துகிற ஜாக்கிகள், ஏணிகள், இழுவைக் கம்பிகள் எல்லாம் அவர் பொறுப்பு. விமானத்தைத் திறந்து பார்க்கிற வேலை மற்றவர்களுக்கு. இவர் வேலை விமானத்தின் வயிற்றோடு முடிந்துவிடும். "அவங்க டாக்டர், நான் கட்டில்" என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வார்.

இவ்வளவு அளக்கிற மனிதர் வாங்கிய பொருள்களின் கதை வேறு மாதிரி இருந்தது. மூக்குக் கண்ணாடி வாங்கினார், முகத்துக்குப் பொருந்தியது, மூக்குக்குப் பொருந்தவில்லை. அலமாரி வாங்கியது இன்னும் பெரிய கதை. மாடி அறையை அளந்தார், கடையில் அலமாரியை அளந்தார், சுவரில் ஈரம் ஏறாமலிருக்க நாலு விரல் இடைவெளி கூடக் கணக்கு வைத்தார். மாடிப்படி திரும்புகிற இடத்தை அளக்கவில்லை. அலமாரி அந்தத் திருப்பத்தில் போய் மாட்டிக்கொண்டது. தூக்கி வந்தவர்கள் அதை இப்படியும் அப்படியும் புரட்டினார்கள், கடைசியில் இறக்கிக் கீழ்வாசல் ஓரமாக வைத்துவிட்டு, தண்ணீர் கூடக் குடிக்காமல் போய்விட்டார்கள். அன்றிலிருந்து அதில் செருப்புகள் குடியிருக்கின்றன.

"ஆளுயரக் கண்ணாடி வெச்ச செருப்பு அலமாரி இந்தத் தெருவுலயே நம்ம வீட்டுலதான்" என்று விருந்தாளிகள் வாய் திறப்பதற்குள் அவரே சொல்லிவிடுவார். மற்றவன் சிரிக்குமுன் தான் சிரித்துவிட வேண்டும் என்பது அவர் கண்டுபிடித்த தற்காப்பு. அதில் நல்ல தேர்ச்சியும் இருந்தது.

ஆனால் மஞ்சள் ஜாக்கியை வைத்து மட்டும் அவர் பகடி செய்துகொண்டதில்லை.

டயர் மாற்றும்போது சக்கரத்து அச்சுக்கு அடியில் வைத்துத் தூக்குகிற ஜாக்கி அது. பழைய குள்ள ஜாக்கி எண்ணெய் கசிய ஆரம்பித்ததும், புதிதாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. அதுவரை யார் யாரோ தேர்ந்தெடுத்தார்கள், இவர் மசகு போட்டார். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு சுயம்வரத்தில் மாலை இவர் கையில். எத்தனை டன் தாங்கும், எவ்வளவு உயரம் தூக்கும், எவ்வளவு சுலபமாக உருளும் என்று எல்லாம் பார்த்தார். கொட்டகையில் நின்றிருந்த விமானத்துக்கு அடியில் படுத்து, தரையிலிருந்து அச்சு எவ்வளவு உயரம் என்று அளந்தார். மஞ்சள் ஜாக்கி கன கச்சிதமாக அடியில் நுழையும் என்று தெரிந்தது.

பக்கத்துக் கொட்டகை வேறொரு நிறுவனத்தினுடையது. அங்கே அவருடைய மைத்துனன், மனைவியின் தம்பி, டயர் பிரிவில் வேலை. அவன் அப்போதே சொன்னான்.

"மாமா, நாங்க வெச்சிருக்கற குள்ள ஜாக்கியையும் ஒரு தடவ பாத்துடுங்க."

"ஜாக்கி தூக்கறதுக்கு மாப்ள, குனியறதுக்கு இல்ல."

சொல்லி முடித்ததுமே அந்த வாக்கியம் அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. அப்புறம் கேண்டீனில் சொன்னார், ஸ்டோரில் சொன்னார், மேலாளர் அம்மாவிடமும் சொன்னார். அந்த அம்மா சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அதன் பலனாகத்தான் இன்னொன்று வந்தது. பெரிய விமானங்கள் இரண்டு புதிதாகப் பராமரிப்புக்கு வரப் போகின்றன. முழு விமானத்தையும் தரையிலிருந்து எழுப்ப மூன்று பெரிய முக்காலி ஜாக்கிகள் வேண்டும். இறக்கைக்கு அடியில் இரண்டு, மூக்குக்கு அடியில் ஒன்று. எதை வாங்குவது என்று முடிவெடுக்க அன்று மத்தியானம் கூட்டம். காலையில் மேலாளர் அம்மா நடைவழியில் அவரை நிறுத்திச் சொன்னார்: "நீங்க எதைச் சொல்றீங்களோ அதையே வாங்கிடலாம்."

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவர் நடந்த நடையைப் பார்க்க வேண்டும். செருப்பு அலமாரிக் கண்ணாடிக்குக் கொடுத்து வைக்கவில்லை.

தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. இவர்கள் பராமரிக்கிற விமானம் ஒன்று தரையிறங்கியபோது இடது பக்கச் சக்கரக் காலின் பிரேக் இறுகிப் பிடித்து, அந்தக் காலின் இரண்டு டயர்களும் வெடித்துவிட்டன. ஓடுதளத்தை விட்டு வந்து, கொட்டகைகளுக்குப் போகும் ஒரே பாதையின் நடுவில் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறது. பயணிகளைப் பேருந்தில் கூட்டிப் போய்விட்டார்கள். பிரேக் இறுகிய விமானத்தை இழுக்கவும் முடியாது. அங்கேயே தூக்கி டயர் மாற்ற வேண்டும். அதுவரை யாரும் உள்ளே வரவும் முடியாது, வெளியே போகவும் முடியாது.

யாருக்கும் காயமில்லை என்று கேட்ட பிறகு அவருக்கு வந்த உணர்ச்சியை நேர்மையாகச் சொன்னால், அது சந்தோஷம். மஞ்சள் ஜாக்கியின் அரங்கேற்றம். வண்டியில் பூட்டி, மாப்பிள்ளையை அழைத்துப் போவதுபோல் மெதுவாகக் கூட்டிப் போனார். வழியில் துணியால் ஒருமுறை துடைக்கவும் செய்தார். இரண்டு கொட்டகைக்காரர்களும் வெளியே வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

மற்ற சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்தாயிற்று. இவர் கொட்டகையின் டயர்காரர் ஜாக்கியை அச்சுக்கு அடியில் தள்ளினார். டங்கென்று ஒரு சத்தம்.

"அண்ணே, உள்ள போகல."

"நேரா தள்ளுங்க, போகும்."

"நேராத்தாண்ணே தள்ளுறேன். தலை இடிக்குது."

"இன்னும் கொஞ்சம் இறக்குங்க ஜாக்கிய."

"இதுக்கு மேல இறங்காது. இதுதான் அதோட தரை."

அவர் தார்ப்பாதையில் குப்புறப் படுத்து டேப்பை நீட்டினார். டேப் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அச்சு இருக்க வேண்டிய உயரத்தில் இல்லை. டயர்கள் கிழிந்து சக்கரம் தரையைத் தொட்டதில் தாழ இறங்கி, தரையோடு ரகசியம் பேசிக்கொண்டிருந்தது.

படுத்தபடியே அவருக்கு விளங்கிவிட்டது. டயர் வெடித்தால்தான் இந்த ஜாக்கி அவசரமாக வேண்டும். அவர் அளந்ததோ, நல்ல டயரில் ஜம்மென்று நின்ற விமானத்தை. விமானம் செய்தவன் தன் புத்தகத்தில் இரண்டு உயரமும் போட்டிருந்தான், டயரில் காற்று இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் ஒன்று. முதல் வரியைப் படித்ததும் திருப்தியாகி இவர் புத்தகத்தை மூடிவிட்டார். நடக்க முடியாதவனுக்குச் சக்கர நாற்காலி செய்யச் சொன்னால், ஓடுகிறவனை நிறுத்தி அளவெடுத்த கதை.

எழுந்து நின்று வழக்கம்போல் முந்திக்கொண்டு ஏதாவது சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். வாயில் ஒன்றும் வரவில்லை.

"அண்ணே, பழைய குள்ள ஜாக்கி மூலையில கெடக்கே. அது போகும்" என்றார் டயர்காரர் தாழ்ந்த குரலில். "அந்தச் சிவப்புச் சீட்ட அவுத்துட்டா முடிஞ்சுது. நீங்க கட்டினதுதானே. நீங்களே அவுக்கலாம்."

பழையதில் எண்ணெய் கசிகிறது, உபயோகிக்கக் கூடாது என்று சிவப்புச் சீட்டு கட்டியது அவர்தான். ஒரு மணி நேரம் தாங்கும், தாங்கலாம். தாங்கிவிட்டால் விஷயம் இங்கேயே அமுங்கிவிடும், மத்தியானக் கூட்டத்தில் அவர் வார்த்தையும் நிற்கும். அவர் ஜாக்கியைப் பார்த்தார், டயர்காரரின் தலையைப் பார்த்தார். நடுவில் சொட்டையாகி, சுற்றிலும் கொஞ்சம் முடி வைத்த தலை. இன்னும் சற்று நேரத்தில் அச்சுக்கு அடியில் இருக்கப் போகிற தலை.

"அது தூக்கும். தூக்கிட்டு மெதுவா, மரியாதையா இறங்கும். அடியில இருக்கறது நீங்க."

"அப்ப என்னதான் பண்றது?"

அவர் கைபேசியை எடுத்தார்.

"மாப்ள."

"சொல்லுங்க மாமா. இங்கருந்து பாத்துக்கிட்டுதான் இருக்கோம். என்ன, படுத்து எந்திரிச்சீங்க?"

"உங்க குள்ள ஜாக்கி சும்மா இருக்கா?"

"என்னது? சரியா கேக்கல மாமா."

"உனக்குக் கேட்டுச்சு."

"இல்ல, இங்க ஒரே சத்தம். கொஞ்சம் உரக்கச் சொல்லுங்க. பக்கத்துல இருக்கறவங்களுக்கும் கேக்கட்டும்."

உரக்கச் சொன்னார்.

"அது குனியற ஜாக்கியாச்சே மாமா. உங்களுக்குச் சரிப்படுமா?"

"சரிப்படும்."

"எவ்வளவு குனியணும்?"

"இப்ப நான் குனிஞ்சிருக்கேன்ல, அவ்வளவு போதும். கொண்டாடா."

மைத்துனன் கொண்டுவந்தான். கூடவே மூன்று பேர், தள்ளுவதற்கு என்று சொல்லிக்கொண்டு, பார்ப்பதற்காக. ஜாக்கி நின்றதும் இவர் முதல் வேலையாக அதன் பக்கத்துத் தகட்டைத் துடைத்து, எத்தனை டன் என்று படித்தார். பிறகு சுற்றி வந்தார்.

"சோதனை பண்ணின தேதி எங்க ஒட்டியிருக்கு?"

"பாருங்கய்யா, இரவல் கேட்டு வாங்கறப்பவும் தேதி பாக்கறாரு" என்று மைத்துனன் கூட வந்தவர்களிடம் சொன்னான். ஆனால் கையை நீட்டித் தேதியைக் காட்டினான். சரியாக இருந்தது.

குள்ள ஜாக்கி அச்சுக்கு அடியில் பூனை போல நுழைந்தது. கைப்பிடியை அடிக்க அடிக்க, கால் எழுந்தது. கிழிந்த டயர்கள் தரையை விட்டன. யாரோ கை தட்டினார்கள். மைத்துனன் தலையைக் கொஞ்சம் சாய்த்து அதை வாங்கிக்கொண்டான். இவரும் தட்டினார், தாளத்தில் சற்றுப் பின்தங்கி.

அப்புறம் ஜாக்கி நின்றுவிட்டது.

"அடிங்க, இன்னும் ஏறணும்" என்றார் டயர்காரர். "புது டயர் இதவிட பெருசு. இந்த இடைவெளில நுழையாது."

"அடிச்சாச்சு" என்றான் மைத்துனன். "அதோட உயரம் அவ்வளவுதான்."

"உங்க கொட்டகைல எப்படிச் செய்வீங்க?"

"எங்க விமானம் சின்னது."

மைத்துனன் முகம் போன போக்கைப் பார்த்து இவருக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அதைத் தொண்டையில் பிடித்து நிறுத்தியது அன்று அவர் செய்த ஒரே பெரிய காரியம் என்று பின்னால் சொல்லிக்கொண்டார்.

"பலகை" என்றார்.

மைத்துனன் உடனே பிடித்துக்கொண்டான். "கனமான பலகையா போடுங்க மாமா. ரெண்டு அடுக்கு."

தூக்கிய சக்கரங்களுக்கு அடியில் பலகை அடுக்கினார்கள். குள்ள ஜாக்கியை இறக்கினார்கள். விமானம் தன் கிழிந்த டயர்களோடு பலகை மேல் உட்கார்ந்தது. அச்சு இப்போது கொஞ்சம் உயரத்தில். குள்ளனை வெளியே இழுத்து, அந்த இடத்தில் மஞ்சளைத் தள்ளினார்கள். தலை இடிக்காமல் போயிற்று. மஞ்சள் ஜாக்கி எவ்வளவு வேண்டுமோ அவ்வளவும் தூக்கியது, இன்னும் தூக்கியிருக்கும். டயர்கள் மாறின, பிரேக்கைத் தளர்த்தினார்கள், பாதை திறந்தது.

"ரெண்டும் சேந்து ஒரு ஜாக்கி" என்றான் மைத்துனன்.

"நம்ம குடும்பம் மாதிரி" என்றார் இவர். "ஒண்ணுக்குக் குனியத் தெரியாது, ஒண்ணுக்கு எழத் தெரியாது."

மேலாளர் அம்மா எல்லாவற்றையும் பாதை ஓரத்தில் நின்று பார்த்திருந்தார். பக்கத்தில் வந்தார்.

"எப்படி ஆச்சு இது?"

"நல்ல டயர்ல அளந்துட்டேன்மா."

அந்த அம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "மத்தியானம் கூட்டத்துக்கு வந்துடுங்க. உங்க கருத்தச் சொல்லுங்க. முடிவு நாங்க சேந்து எடுத்துக்கறோம்" என்றார். காலையில் கொடுத்ததை அவ்வளவு பதமாகத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

கூட்டத்தில் ஜாக்கி விற்க வந்தவர் வண்ணப் படங்களை விரித்தார். அவற்றில் ஒன்று இவர் வாரக்கணக்காக மனதில் வைத்திருந்தது. நெட்டையாக, கால்களை அகட்டி, மல்யுத்தக்காரன் போல் நிற்கிற முக்காலி. காலையில் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அதைச் சொல்லியிருப்பார்.

"எவ்வளவு உயரம் வேணும்னாலும் போகும் சார்" என்றார் விற்பனைக்காரர்.

"எவ்வளவு இறங்கும்?"

"சார்?"

"டயரெல்லாம் காத்து போயிருக்குன்னு வெச்சுக்குங்க. சக்கரக் கால்ல எண்ணெய் ஒழுகி மடங்கியிருக்கு. விமானம் இருக்கறதுலயே கேவலமா நிக்குது. அப்ப இறக்கைக்கு அடியில இது நுழையுமா?"

மேஜையைச் சுற்றிச் சிரிப்பு. விற்பனைக்காரர் படங்களைப் புரட்டினார், பிறகு யாருக்கோ போன் செய்ய வெளியே போனார். திரும்பி வந்து, நுழையாது என்றார். கடைசியில் வாங்க முடிவானது வேறொன்று, அகலமாக, பார்க்க லட்சணமே இல்லாதது. அதைச் சொன்னது இவரில்லை, கணக்குப் பிரிவுக்காரர். இவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அன்று சாயங்காலம் மைத்துனன் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றி, அலமாரிக் கண்ணாடியில் தலையைச் சீவிக்கொண்டு, உள்ளே போய்க் கண்ணு காது மூக்கு வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். போனில் பேசியதைக் குரல் மாற்றி இரண்டு தரம் நடித்தும் காட்டினான். அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏங்க, இன்னிக்காவது சொல்லுங்க. அந்த மாடிப்படித் திருப்பத்த ஏன் அளக்கல?"

"அலமாரி நேரா போகும்னு நினைச்சேன்."

"நல்ல டயர்!" என்றான் மைத்துனன், வாயில் சோற்றோடு.

அவர்கள் சிரித்து ஓய்வதற்குள் இவர் எழுந்து கை கழுவிவிட்டு, மாடிப்படித் திருப்பத்துக்குப் போய் நின்றார். டேப்பை உருவி, குறுக்கே பிடித்தார், மூலைக்கு மூலை பிடித்தார். கீழே வந்து அலமாரியை அளந்தார். குனிந்து, அலமாரியின் நாலு கால்களைத் தடவிப் பார்த்தார். ஒவ்வொன்றும் ஒரே ஒரு திருகாணியில் நின்றது. கால்களைக் கழற்றியிருந்தால் அன்றே போயிருக்கும்.

"என்ன பண்றீங்க அங்க?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"சும்மாதான். மாப்ள செருப்பு கோணலா கெடந்துச்சு."

டேப்பை மடக்கி இடுப்பில் மாட்டிக்கொண்டார். தன்னைப் பற்றிய எந்தக் கதையையும் முந்திக்கொண்டு சொல்லிவிடுகிற அந்த மனிதர், இதை மட்டும் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.