ஃபர்டிவ்

விடுதியின் சலவைப் பிரிவில் அவளுக்கு இஸ்திரி அக்கா என்று பெயர். பெரிய விரிப்பை மேசை விளிம்பில் இடுப்பால் அழுத்திக்கொண்டு தனி ஆளாக மடித்துவிடுவாள்.

கைக்குழந்தையை வீட்டில் விட்டு வேலைக்கு வந்தவள். பகலில் பால் கட்டிக்கொண்டு நெஞ்சு வலிக்கும். ஒதுங்க ஓர் அறை கிடையாது. துண்டு அலமாரிகளுக்குப் பின்னால் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, பாலைப் புட்டியில் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொள்வாள்.

அவள் போவதும் பையோடு வருவதும் கேமராவில் தெரிந்தன. சூப்பர்வைசர் மேலாளரை அழைத்துவந்தார். வேலை செய்துகொண்டிருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி அவளைக் காட்டி, "ஃபர்டிவ் சார்" என்றார்.

பையைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தாள். விடுதித் துண்டை எதிர்பார்த்தவர்கள் புட்டியைப் பார்த்தார்கள். தன் பிள்ளைக்குச் சேர வேண்டியதைத்தான் அவள் எடுத்துப் போனாள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. "சரி சரி, வேலையப் பாரு" என்று மேலாளர் மாடி ஏறிவிட்டார்.

அவள் நேரே வரவேற்பு மேசைப் பெண்ணிடம் போனாள்.

"ஃபர்டிவ்னா என்னம்மா?"

"யார் கண்ணுலயும் படாம ஒண்ணைச் செய்யறதுதான் அக்கா."

"அவ்வளவுதானா?"

அந்தப் பெண் தயங்கினாள். "இல்லக்கா. திருட்டு முழின்னு சொல்வோமே, அந்த மாதிரி. தப்பு பண்றவங்களத்தான் அப்படிச் சொல்வாங்க."

"பின்வாசல் வழியா ரூமுக்கு வர்ற பெரிய மனுஷங்க? அவங்களும் இதுதானா?"

"அவங்களுக்கு டிஸ்க்ரீட்னு சொல்லணும். நாசூக்கா மறைக்கறதுன்னு அர்த்தம்."

"அடேங்கப்பா. ஒளியறதுலகூட அவங்களுக்கு மெத்தை, எனக்குக் கட்டாந்தரை."

திரும்பி வந்து இஸ்திரிப்பெட்டியின் சுவிட்சை அணைத்தாள்.

"என்ன, துணி குவிஞ்சு கிடக்கு?" என்றார் சூப்பர்வைசர்.

"யார் முன்னாடி என்னைக் களவாணின்னீங்களோ, அவங்க முன்னாடியே இல்லன்னு சொல்லுங்க. அப்புறம் தாழ்ப்பாள் போட்ட ஒரு அறை குடுங்க."

"வேலை போயிடும், தெரியும்ல?"

"போகட்டும் சார். அந்த வார்த்தைய முதுகுல ஒட்டிக்கிட்டுப் போக மாட்டேன்."

விரிப்புகள் கசங்கிக் குவிந்தன. பக்கத்து மேசைக்காரியும் சுவிட்சை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். அறைகள் தயாராகவில்லை என்று மேலிருந்து தொலைபேசி அடித்தபடி இருந்தது. மேலாளர் மறுபடி இறங்கி வந்தார். பழைய மேசைகள் போட்டிருந்த அறையைக் காலி செய்து தாழ்ப்பாள் போடச் சொன்னார். பிறகு சூப்பர்வைசரைப் பார்த்தார்.

சூப்பர்வைசர் தரையைப் பார்த்து என்னவோ முணுமுணுத்தார்.

"கேக்கல சார்" என்றாள் அவள். "இதையாவது ஒளிச்சு மறைக்காம சொல்லுங்க."