சிமெண்டுத் தரையில் சோதித்த தட்டு

வண்டியின் பின்னால் பொருத்திய அந்தத் தட்டைச் செய்தவன் நான். வெல்டிங் என்னுடையது, துளை போட்டது நான், தாழ்ப்பாளை முடுக்கியதும் நான். அதனால் முதலாளி மேல் மட்டும் கோபப்பட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ள எனக்கு வழியில்லை. ஆனாலும் கோபம் வருகிறது. இத்தனை வருடம் கழித்தும், யாராவது "இது போதும், விடுப்பா" என்று சொன்னால் எனக்குக் காது சூடாகிவிடும்.

நான் ஃபாரம் டூவோடு, பதினாலு வயதில், பள்ளியை விட்டவன். மஸ்ஜித் தானா என்ற ஊரில் ஓர் இரும்புப் பட்டறையில் வெல்டிங் கற்றுக்கொண்டு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மலாக்கா டவுன் பக்கம் ஒரு கார் எக்ஸசரி கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். ரிம், கேரியர், புல் பார், டோ ஹூக் எல்லாம் மாட்டுவோம். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். நட்டை முடுக்கிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைக்கும்போது, முடுக்கினேனா இல்லையா என்று தோன்றும். மறுநாள் அந்த வண்டி கடையில் இருந்தால் மறுபடி ஸ்பானர் வைத்துப் பார்ப்பேன். கடையில் எனக்கு வைத்த பெயர் 'டவுட்டு'. முதலாளி தனபால் வாடிக்கையாளர்கள் முன்னாலேயே அப்படித்தான் கூப்பிடுவார்.

1. அஞ்சு கிலோ

லெட்சுமி அக்கா புக்கிட் பெருவாங்கில் வீட்டிலேயே சமைத்து, சுங்கை ஊடாங்கில் ஒரு காண்ட்ராக்டரின் கட்டட சைட்டுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தார். நூறு பேருக்கு மேல். இப்போது எஸ்யூவி என்கிறார்களே, அப்போது எங்களுக்கு அது ஃபோர்வீல். அப்படி ஒரு பழைய டீசல் ஃபோர்வீலை அவரே ஓட்டிக்கொண்டு வந்து கடை வாசலில் நிறுத்தினார். இறங்கும்போதே இடுப்பில் கை.

"தம்பி, உள்ள பூந்து பூந்து குண்டான் இழுத்தே முதுகு போச்சு. டாக்டரு அஞ்சு கிலோவுக்கு மேல தூக்கக்கூடாதுங்கிறான். நான் கேட்டேன், டாக்டர், அஞ்சு கிலோ சோறு நூறு பேருக்கு எப்படி லா பத்தும்?"

அவர் கேட்டது மேசை இழுப்பறை மாதிரி ஒரு தட்டு. பின்கதவைத் திறந்து இழுத்தால் குண்டான்களோடு வெளியே வரவேண்டும்.

"எறக்கி வைக்க சைட்டுல ஆம்பளைங்க இருக்காங்க. வண்டிக்குள்ள மண்டி போட்டு இழுக்கத்தான் ஒருத்தனும் வரமாட்டேங்கிறான். இது ஆகலேன்னா நான் சட்டியக் கவுத்துட்டு வீட்டுல ஒக்கார வேண்டியதுதான்."

"பண்ணிடலாங்க்கா. நம்ம கடையில முடியாதது என்ன இருக்கு?" என்றார் தனபால்.

நாங்கள் அதற்கு முன் அப்படி ஒன்று செய்ததே இல்லை.

நான் அக்காவிடம் கேட்டேன்: "மொத்தம் எவ்வளவு வெயிட்டுக்கா வரும்?"

"நாலு குண்டான். சோறு, பருப்புக் கறி, கோழி, ரசம். ஒண்ணு முப்பத்தஞ்சு, நாப்பது கிலோ இருக்கும். நீ என்ன, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி கணக்குக் கேக்குற?"

2. நான் ஜெயித்த சண்டை

பழைய இரும்புக் கடையிலிருந்து தண்டவாளத்துக்குச் சி-சேனல் இரும்பு வாங்கி, அதற்குள் பேரிங் சக்கரங்கள் ஓடும்படி செய்தேன். மேலே ஆங்கிள் அயர்ன் சட்டம், அதன் மேல் பிளைவுட், அதன் மேல் அலுமினியத் தகடு, குண்டான் நகராமலிருக்கச் சுற்றிலும் விளிம்பு. ஒரு விரலால் தள்ளினால் போதும், தட்டு வழுக்கிக்கொண்டு ஓடும். அதில் எனக்குப் பெருமை. அவ்வளவு லேசாக ஓடுவதுதான் ஆபத்து என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

முதல் தகராறு அடித்தளத்தில் வந்தது. தனபால், தரைத் தகட்டில் எட்டு ஸ்க்ரூ அடித்து முடித்துவிடச் சொன்னார். அந்தத் தகடு பிஸ்கட் டின் கனம்தான். ஸ்க்ரூ நிற்காது. போதாததற்குக் கீழே டீசல் டாங்கி. எங்கே துளை போட்டால் எதில் போய் இறங்குமோ என்று பயந்தேன். அந்த வண்டியின் பின்னால் பக்கவாட்டில் மடிக்கிற இரண்டு சீட் இருந்தது. அவற்றைக் கழற்றினால் கம்பெனியே போட்ட போல்ட் துளைகள் கிடைக்கும், வண்டிச் சட்டத்தோடு சேர்ந்தவை. அதற்குத் தக்கபடி நாலு பிராக்கெட் செய்தால் தட்டு அசையாது.

"ஒரு நாள் கூட ஆகும், பாஸ்."

"நீ என்னடா, ஏரோபிளேனா பாசாங் பண்ற? மாட்டப்போறது சோத்துப் பானை வைக்கிற பலகை."

"சைட்டுக்குப் போற வழியில லோரிக்காரன் சடார்னு பிரேக் அடிச்சா, மொத்தமும் அந்தக்கா முதுகுலதான் வந்து நிக்கும்."

எப்படியோ அன்றைக்கு விடாமல் பேசிவிட்டேன். தனபால் எரிச்சலோடு, "சரி, உன் இஷ்டம். ஆனா வெள்ளிக்கிழம காலையில வண்டி போயாவணும்" என்றார். நாலு போல்ட்டையும் மாட்டி முடுக்கியபோது, வாழ்க்கையில் ஒரு சண்டையில் ஜெயித்துவிட்டோம் என்று இருந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் அடுத்த சண்டையைப் போடாமல் விட்டேன்.

3. வெள்ளிக்கிழமை பத்தரை

பாக்கி இருந்தது பூட்டு. உள்ளே தள்ளிய நிலையில் ஒரு பூட்டு, முழுதும் இழுத்த நிலையில் ஒரு பூட்டு, இரண்டும் தட்டின் இரு பக்கமும் வேண்டும். பன்னிரண்டு மில்லி கன இரும்புக் கம்பியில் பூட்டு முளை, பட்டறை மொழியில் 'பின்', வெட்டி, ஸ்பிரிங் வைத்து, சட்டத்தில் உள்ள துளையில் தானாகப் போய் விழும்படி செய்துகொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு ஒரு பின்தான் முடிந்திருந்தது. அதையும் இன்னும் மாட்டவில்லை.

அக்கா எலுமிச்சம்பழம், கற்பூரம், கனகாம்பரச் சரத்தோடு வந்து நின்றார். வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரைக்குத் தொடங்கும். அதற்குள் வண்டி கடையை விட்டு நகர வேண்டும்.

தனபால் பக்கத்து ஹார்ட்வேர் கடைக்குப் போய் ஒரு தாழ்ப்பாள் வாங்கிவந்தார். வீட்டு ஜன்னலுக்குப் போடுகிற தாழ்ப்பாள். சுண்டு விரல் கனம்கூட இல்லை.

"இத அடி. நாலு ஸ்க்ரூ, அஞ்சு நிமிஷம்."

"பாஸ், இது ஜன்னலுக்குப் போடுறது."

"ஜன்னல்ல போட்டா திருடனையே நிறுத்துது. சாம்பார நிறுத்தாதா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் அடித்தேன். பிறகு சோதனை. பக்கத்து மளிகைக் கடையில் நாலு அரிசி மூட்டை இரவல் வாங்கித் தட்டில் ஏற்றினோம். தாழ்ப்பாள் போட்டு ஆட்டிப் பார்த்தார்கள், நின்றது. எடுத்து இழுத்தார்கள், அழகாக வெளியே வந்தது. அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "ஐயோ, பொறந்த பிள்ள மாதிரி வருது!" என்றார். கடையின் தரை சிமெண்டுத் தரை. தண்ணீரை ஊற்றினாலும் ஓடாத சமதளம். அரிசி மூட்டை வைத்த இடத்தில் கிடக்கும், பருப்புக் கறி கிடக்காது. இந்த இரண்டும் என் மூளையில் அப்போதே ஓடின. அதுதான் என்னால் தாங்க முடியாதது.

அக்கா சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தவர், என்னைப் பார்த்துவிட்டார்.

"என்ன தம்பி, மூஞ்சி செத்துப் போச்சு?"

"ஒண்ணுமில்லக்கா."

"அவன் எப்பவும் அப்படித்தாங்க்கா. டவுட்டு," என்றார் தனபால்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாவியை என் கையால்தான் கொடுத்தேன். பழம் நசுங்க, பத்து இருபதுக்கு வண்டி கிளம்பியது. ராகு காலத்துக்கு அங்கே நின்ற அத்தனை பேரும் பயந்தோம். அந்தத் தாழ்ப்பாளுக்கு ஒருவன்தான் பயந்தான், அவனும் வாயைத் திறக்கவில்லை.

4. செவ்வாய்க்கிழமை

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சைட் ஃபோர்மன் தனபாலின் ஹேண்ட்ஃபோனுக்கு அடித்தார். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அக்காவை ஹோஸ்பிட்டலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

சாப்பாட்டுக் கொட்டகை செம்மண் மேட்டில் இருந்தது. வண்டி முன்பக்கம் மேட்டைப் பார்த்து நின்றது, பின்பக்கம் பள்ளத்தில். தட்டு முழு நீளத்துக்கு வெளியே வந்து தொங்கியது. தரையெல்லாம் பருப்புக் கறி. ஈ மொய்க்க ஆரம்பித்துவிட்டது.

சைட்டுக்குக் காவல் இருக்கும் ஜாகா பெரியவர் பார்த்திருக்கிறார். அவர் சொன்னார்: "கதவுப் பிடியத் திருப்புனதுதான் தம்பி, கதவையும் தள்ளிக்கிட்டு வந்துருச்சு. அந்தம்மா இடுப்புல இடிச்சுக் கீழ தள்ளி, கொதிக்கிற கறிக் குண்டான் கால் மேல கவுந்துருச்சு. அது போட்ட சத்தம் இருக்கே... வேணாம், விடு."

நான் குனிந்து தாழ்ப்பாளைப் பார்த்தேன். கம்பி கொக்கி மாதிரி வளைந்திருந்தது. நாலு ஸ்க்ரூவில் இரண்டைக் காணோம். எனக்கு எல்லாம் விளங்கியது. ஒவ்வொரு சிக்னலிலும், ஒவ்வொரு வளைவிலும் கறியும் ரசமும் முன்னும் பின்னும் அலைமோதித் தட்டை இடித்திருக்கின்றன. நாலு நாள் இடி. தாழ்ப்பாள் வளைந்து கழன்றுகொண்டதும் மொத்தப் பாரமும் கதவின் மேல் சாய்ந்து காத்திருந்தது. என் நாலு போல்ட்டும் இம்மிகூட அசையவில்லை. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. பாதி வேலையை அவ்வளவு ஒழுங்காகச் செய்யத் தெரிந்தவனுக்கு மீதிப் பாதியைச் செய்ய என்ன கேடு?

தனபால் என்ன செய்தார் தெரியுமா? ஸ்க்ரூடிரைவர் கேட்டு வாங்கி, மிச்சமிருந்த இரண்டு ஸ்க்ரூவையும் கழற்றி, வளைந்த தாழ்ப்பாளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இதப் பாத்தா கண்டவனும் கண்டதப் பேசுவான்."

5. வார்டில்

மூன்றாம் நாள் தனபால் என்னையும் கூட்டிக்கொண்டு அக்காவைப் பார்க்கப் போனார். கையில் ஒரு பை ஆரஞ்சு. அக்காவின் வலது கால் முட்டியிலிருந்து பாதம் வரை கட்டு. இடுப்பைத் திருப்ப முடியாமல் மல்லாந்து படுத்திருந்தார்.

"என்னக்கா இப்படி ஆயிடுச்சு? அவசரத்துல தாழ்ப்பாளச் சரியாப் போடாம ஓட்டியிருப்பீங்க. கொஞ்சம் பாத்திருக்கலாம் லா," என்றார் தனபால்.

அக்கா யோசித்தார். "போட்ட மாதிரிதான் ஞாபகம்..." என்று இழுத்தார். தன்மேலேயே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ அறுந்தது.

"போட்டுத்தாங்க்கா இருந்துச்சி. வளைஞ்ச தாழ்ப்பா பாஸ் எடுத்து வச்சிருக்காரு. அது ஜன்னல் தாழ்ப்பா. நான் வேற பின்னு செஞ்சுக்கிட்டு இருந்தேன், நேரமாச்சின்னு மாட்டல."

தனபால் முகம் கறுத்தது. "நாளையிலேருந்து நீ கடைப் பக்கம் வராத."

"அவன அப்புறம் வெரட்டிக்குங்க," என்றார் அக்கா. அவர் கண் என்மேல் இருந்தது. "மொதல்ல நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லட்டும். அப்ப ஒனக்குத் தெரியும்?"

நான் ஆரஞ்சுப் பையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மூஞ்சி செத்துப் போச்சேன்னு கேட்டேன். ஒண்ணுமில்லக்கான்ன. இவரு யாவாரி, பொய் சொல்லுவாரு, அது ஊருக்கே தெரியும். நீ தெரிஞ்சிக்கிட்டே சாவியக் குடுத்தியேடா! நிறுத்துக்கான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ராகுவாவது கேதுவாவது, அங்கேயே பாயப் போட்டு ஒக்காந்திருப்பேன்ல!"

பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் பாராட்டுவார் என்று மனசு ஓரத்தில் எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது. நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். தனபால் அதற்குள் நழுவிவிட்டார். ஆரஞ்சுப் பையை மறக்காமல் வைத்துவிட்டுப் போனார்.

6. மேட்டில்

கால் ஆறி, அக்கா கோல் ஊன்றி நடக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. அவரிடம் கேட்டு வண்டியை வாங்கி, பழைய மஸ்ஜித் தானா பட்டறையில் வைத்து வேலை செய்தேன். இரண்டு பக்கமும் பன்னிரண்டு மில்லி பின். உள்ளே ஒரு துளை, பாதியில் ஒரு துளை, முழுதும் இழுத்தால் ஒரு துளை. இரண்டு கையாலும் இரண்டு பின்னையும் இழுத்துப் பிடித்தால்தான் தட்டு நகரும். கதவு திறப்பதற்கும் தட்டு வருவதற்கும் சம்பந்தமே இல்லை.

வீட்டுக்குக் கொண்டுபோனதும் அக்கா தடவிக்கூடப் பார்க்கவில்லை. "நாலு குண்டான்லயும் கழுத்து மட்டும் தண்ணி ஊத்து," என்றார். ஊற்றினேன். முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். "ஓட்டு. பிரேக் அடி. இன்னும் அடி. சோத்துக்கு லேட்டானா நான் இப்படித்தான் ஓட்டுவேன்."

அரை மணி நேரம் சுற்றிவிட்டு, புக்கிட் பெருவாங்கில் செங்குத்தான ஒரு வீட்டுச் சாலையில், முன்பக்கம் மேட்டைப் பார்க்க நிறுத்தச் சொன்னார்.

"இப்ப நீ எறங்கு. பின்னாடி போயி நேரா நின்னு தொற."

"அக்கா, பக்கவாட்டுல நின்னு..."

"நான் பக்கவாட்டுலயா நின்னேன்?"

போய் நின்றேன். நூற்றைம்பது கிலோ என் வயிற்றுக்கு நேராக இருந்தது. செய்தவன் நான், அளவு தெரியும், வெல்டிங் தெரியும், ஆனாலும் பயமாக இருந்தது. பிடியைத் திருப்பினேன். கதவு திறந்தது. மூடி இடுக்கு வழியாகத் தண்ணீர் வழிந்து என் செருப்பில் கொட்டியது. தட்டு அசையவில்லை.

"மூடு. இன்னொரு தடவ."

மூன்று முறை திறக்க வைத்தார். மூன்றாம் முறைக்குப் பிறகும் நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை. கோலை ஊன்றி இறங்கி வந்து, ஒரு பின்னைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "திங்கக்கிழம அடுப்பு மூட்டுறேன். ஃபோர்மன் எடத்த வேற யாருக்கும் குடுக்கல," என்றார்.

பிறகு நான் சொந்தமாகவே இந்த வேலையை எடுத்துச் செய்தேன். பிளம்பர்களுக்கு, மீன் விற்பவர்களுக்கு, நாய் வளர்ப்பவர்களுக்கு என்று நிறையத் தட்டுகள். ஒவ்வொன்றையும் தண்ணீர் ஏற்றி, மேட்டில் நிறுத்தி, நேராக நின்று நானே திறந்த பிறகுதான் சாவி கொடுப்பேன். எனக்கு எது பயமாக இருக்கிறதோ அதையும் வாடிக்கையாளரை நிறுத்தி வைத்துச் சொல்லிவிடுவேன். அலுத்துக்கொண்டு வேறு கடைக்குப் போனவர்கள் உண்டு. போகட்டும்.

பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வேலையில் ஏதாவது சந்தேகம் வந்தால் அதை முதலாளியிடம் முனகிவிட்டு, சொல்லியாகிவிட்டது என்று கையைத் துடைத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கதவைத் திறக்கப் போகிறவர் யாரோ, அவர் காதில் விழும்படி சொல்லுங்கள்.