கோயிலும் கோவிலும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சின்னக் கணினி நிறுவனத்தில் தமிழ்–மலாய் அகராதி ஒன்றை டிஸ்கெட்டில் ஏற்றிக்கொண்டிருந்தேன். வேலை விட்டால் வாடகை அறை. அங்கே பேச ஆளில்லை. ஞாயிறுதோறும் செந்தூலிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் நண்பன் ஒருவன்தான் எனக்கென்று இருந்தான். யாழ்ப்பாணத்துக் குடும்பம், பத்திரிகையில் பிழை திருத்துபவன். 'கோவில்' என்று யாராவது எழுதிவிட்டால் மூக்குக்கு மேல் கோபம் வரும். "கோயில்னு எழுது லா!" என்பான்.

அகராதி வெளிவருமுன் சரிபார்க்கச் சிலருக்குப் பிரதி கொடுத்தோம். அவனுக்கும்தான். திருட்டுப் பிரதி வந்தால் யாரிடமிருந்து கசிந்தது என்று தெரியவேண்டும் என்றார் முதலாளி. கல்லூரிக் கணிதத்தில் படித்த குறியீட்டுக் கோட்பாட்டைத் தூசு தட்டினேன். கோயில், கோவில்; பவளம், பவழம்; மங்கலம், மங்களம். இரண்டுமே வழக்கில் உள்ளவை. எந்த இடத்தில் எது வரும் என்பதை ஆளுக்கொரு வரிசையாக அமைத்தேன். வரிசைகள் ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகியிருக்கும். யாராவது சில சொற்களை மாற்றினாலும், மிக நெருங்கிய வரிசை யாருடையது என்று பார்த்தால் ஆள் அகப்படுவார். எனக்கு ஒரே பெருமை.

நாங்கள் வெளியிடுவதற்கு முன்பே கிள்ளானில் ஒரு கடையில் அகராதி விற்பனைக்கு வந்துவிட்டது. வாங்கிவந்து ஒப்பிட்டேன். எந்த வரிசையோடும் முழுதாகப் பொருந்தவில்லை. ஆனால் எல்லாக் கோவிலும் கோயிலாகியிருந்தது. வேறு யாராகவாவது இருக்கக்கூடாதா என்று திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டேன். மீதிச் சொற்கள் அவன் பிரதியையே காட்டின. கொடுத்ததுதான் கொடுத்தான், பிழை திருத்தியா கொடுக்கவேண்டும்! சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

ஞாயிறன்று நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களோடு வந்தான். கேட்டேன். மறுக்கவில்லை.

"கிள்ளான் கடை என் மச்சானோடது. வியாபாரம் படுத்துடுச்சு. ஒரு காப்பிதானேன்னு குடுத்தேன். நீ எப்படிடா கண்டுபிடிச்சே?"

சொன்னேன். அவன் முகம் மாறிவிட்டது.

"அப்போ எனக்குக் குடுத்ததுலயும் அடையாளம் வச்சிருந்தியா?"

"எல்லாருக்கும்தான்டா வச்சேன்."

"எல்லாருக்கும்" என்று அவனும் சொன்னான். பொட்டலங்களை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

திருடியவன் அவன், கோபமும் அவனுக்கே! எனக்கு வந்ததெல்லாம் அவன் இனி வரமாட்டானோ என்ற பயம். கணக்குப் பொருந்தவில்லை என்று முதலாளியிடம் பொய் சொன்னேன். அதை அவனிடம் சொல்ல அடுத்த ஞாயிறு முழுவதும் காத்திருந்தேன். வரவில்லை. மறுநாள் பத்திரிகை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டேன். எடுத்த பெண் அவனைக் கேட்டுவிட்டு வந்தாள்.

"அவரு இல்லைன்னு சொல்லச் சொன்னாரு, அண்ணே."