நூற்றிருபது பனியனும் என் சிமுலேஷனும்

ரேடியோ அலை எப்படிப் போகும் என்று கம்ப்யூட்டரில் சிமுலேஷன் போட்டுப் பார்த்து, துணியில் ஒட்டும் டேக்கை வடிவமைப்பது பாதி வேலை. அது ஏன் அப்படிப் போகவில்லை என்று கம்பெனியில் நின்று விளக்குவது மீதி. வீட்டில் ஒழுங்காக ஓடியதை நாலு பேர் முன்னால் ஓட்டிக் காட்டி முழித்தவர்களுக்கு என் நிலைமை புரியும்.

வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனி. ஒவ்வொரு பனியனிலும் ரேடியோ டேக் உள்ள ஸ்டிக்கர் இருக்கும். பெட்டிக்கு நூற்றிருபது பனியன். டேப் ஒட்டி மூடிய பெட்டியைப் பிரிக்காமலே, டேக்கைப் படிக்கும் ரீடர் கருவி நூற்றிருபது என்று எண்ண வேண்டும். பனியனை வாங்கும் பையரின் ஆள் வெள்ளிக்கிழமை பார்க்க வருகிறார். எண்ணிக்கை தப்பினால் ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போய்விடும்.

கூடுதல்

முதல் பெட்டியை ரீடர் முன் வைத்தோம். நூற்று முப்பத்தொன்று. இன்னொரு தடவை வைத்தால் நூற்று முப்பத்து நாலு! பெட்டி தானாகக் குட்டி போடுகிறதா என்று குழம்பிப் போனேன். அரை மணி நேரம் கழித்துத்தான் பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். மேஜை மேல் பனியன் குவிந்து கிடந்தது. அலை தடுப்பைத் தாண்டி அதையும் எண்ணியிருக்கிறது. என் சிமுலேஷனில் பெட்டிக்குப் பக்கத்தில் எதுவுமே கிடையாது.

முதலாளி பொறுமையாகத்தான் கேட்டார்: "ஏனுங்க, ஒரு பெட்டிய எண்ணச் சொன்னா ஊரையே எண்ணுதுங்களே?"

குறைச்சல்

அலை தடுப்பைத் தாண்டாதபடி ரீடரின் பவரைக் குறைத்தேன். தொண்ணூற்றேழு. மறுபடியும் தொண்ணூற்றேழு. முதலாளி என்னைப் பார்க்கவில்லை. பனியன் குறைந்ததற்கு அவர்தான் காரணம் என்பதுபோல் பேக்கிங் சூப்பர்வைசர் செல்வியைப் பார்த்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து எட்டு வருஷமாக அங்கே வேலை பார்ப்பவர். "பெட்டியப் பிரிங்க" என்றார் முதலாளி.

எல்லோரும் பார்க்க, செல்வி ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார். நான் ரீடர் திரையில் ஏதோ வேலை இருப்பதுபோல் குனிந்துகொண்டேன். நூற்றிருபதும் இருந்தது. ஒரு பனியனைத் தொட்டுப் பார்த்தேன். ஸ்டீம் அயர்னிலிருந்து அப்படியே வந்த ஈரம். ஈரம் அலையைக் குடித்துவிடும். நானோ காய்ந்த பருத்தி என்று கணக்குப் போட்டிருந்தேன். அதைச் சொன்னதும் செல்வி கேட்டார்:

"உங்க கம்ப்யூட்டர்ல துணிக்கு வேர்க்கவே செய்யாதோ சார்?"

சரி

மறுநாள் நன்றாக ஆறவிட்டு அடுக்கினோம். நூற்றாறு. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. "ஸ்டிக்கர் எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா கெடக்கே, ஒண்ண ஒண்ணு மறைக்காதா?" என்றார் செல்வி. ரேடியோ அலை வெளிச்சம் மாதிரி இல்லை என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். இரண்டு டேக் நெருங்கினால் ஒன்றை ஒன்று கெடுக்கும் என்பது எனக்கே தெரியும். சிமுலேஷனில் நூற்றிருபதையும் சேர்த்து அடுக்கித்தான் பார்த்ததில்லை. அதற்குள் அவர் ஒரு பனியனை இப்படியும் அடுத்ததை அப்படியுமாகத் திருப்பி அடுக்கிவிட்டார். நூற்றிருபது. ஐந்து தடவையும் நூற்றிருபது.

வெள்ளிக்கிழமை பையரின் ஆள் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு அதே அடுக்கை சிமுலேஷனில் போட்டேன். ஒன்பது டேக்கைப் படிக்கவே முடியாது என்றது. திரும்பப் போட்டாலும் அதே ஒன்பது. எப்படிச் சரியாச்சு என்று முதலாளி கேட்டபோது, "தெரியலைங்க" என்றுதான் சொல்ல முடிந்தது.

போவதற்கு முன், அன்று அவர் மேல் பழி விழுந்தபோது குனிந்துகொண்டதற்காகச் செல்வியிடம் மன்னிப்புக் கேட்டேன். டேப்பை இழுத்துப் பெட்டியில் ஒட்டியபடியே சொன்னார்: "அதெல்லாம் வேண்டாம் சார். அடுத்த தடவ கொறஞ்சா, மொதல்ல உங்க மெஷினப் பிரிச்சுப் பாருங்க."

முடியாது என்று கம்ப்யூட்டரும் முடிந்துவிட்டது என்று ரீடரும் சொல்ல, இரண்டையும் நம்பிக்கொண்டு இன்னமும் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன்.